பல்லில்லாத அரைவை

பறவைக்குப் பல் இல்லையே, எப்படிச் செரிக்கிறது என்று கேட்டால், கோழி வளர்த்த வீட்டுப் பிள்ளைகள் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள்: கல்லைத் தின்னும், அந்தக் கல் வயிற்றுக்குள் தீனியை அரைத்துவிடும். பதிலில் தவறில்லை. ஆனால் அது பாதிதான். எல்லாப் பறவைகளும் கல் விழுங்குவதில்லை. விழுங்குகிற பறவைகளிலும் அரைக்கும் வேலையைச் செய்வது தசை. கல் அதற்குத் துணை. அந்தத் தசையிடம் தீனி போய்ச் சேரும் முன்பே அதில் அமிலம் கலந்துவிட்டிருக்கும். கல்லை மட்டும் பிடித்துக்கொண்டால் தசையும் அமிலமும் கண்ணில் படாமல் போகின்றன. அவை கண்ணில் படாவிட்டால், அழுகிய பிணத்தைத் தின்று செரித்த பாறுகள் ஒரு வலிமருந்தால் மடிந்தது ஏன் என்பதும், ஆற்றில் நீந்திய அன்னங்கள் தூண்டில்காரர்களின் ஈயக்குண்டால் செத்தது ஏன் என்பதும் சரியாக விளங்காது. ஆகவே வாயிலிருந்தே வரிசையாகப் பார்ப்பது நல்லது.

அலகு மெல்லுவதில்லை என்பது சரி. ஆனால் அது சும்மா இருப்பதும் இல்லை. கதிர் முற்றிய வயலில் இறங்கும் சில்லைகளைச் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் தெரியும். நெல்மணியை அலகின் ஓரத்தில் இடுக்கி, நாக்கால் உருட்டி, உமியை வெளியே தள்ளிவிட்டு அரிசியை மட்டும் விழுங்கும். கிளி கொட்டையை உடைக்கும். கழுகு இரையைக் காலால் அமுக்கிக்கொண்டு துண்டு துண்டாகப் பிய்க்கும். கோழியும் புறாவும் இந்தச் சிரமம் எதையும் படுவதில்லை. மணியை அப்படியே உள்ளே தள்ளிவிடும். எப்படி இருந்தாலும் வாயில் நடப்பது இவ்வளவுதான். எச்சில் பெரும்பாலும் வழவழப்புக்கு. தீனி தொண்டையில் சிக்காமல் இறங்கினால் போதும்.

இறங்கியது நேரே வயிற்றுக்குப் போவதில்லை. கழுத்தின் அடியில் உணவுக்குழாய் ஒரு பையாக விரிந்திருக்கிறது. அதைத் தீனிப்பை என்கிறோம். மாலையில் கோழியைக் கூட்டில் அடைக்கும்போது மார்புக்கு மேலே தடவிப் பார்த்து, "இன்னிக்கு நல்லா இரை எடுத்திருக்கு" என்று வீட்டுப் பெண்கள் சொல்வது இந்தப் பையைத் தொட்டுத்தான். செரிப்பது இதன் வேலை அல்ல, சேர்த்து வைப்பதே வேலை. திறந்த வெளியில் நின்று நிதானமாகத் தின்றால் பருந்துக்கு இரையாக வேண்டியதுதான். கிடைத்ததைக் கிடைத்த வேகத்தில் பையில் நிரப்பிக்கொண்டு, நிழலிலோ கிளையிலோ போய் உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்புகிறது பறவை. அங்கே தங்கும் நேரத்தில் மணிகள் ஈரம் பிடித்து இளகவும் செய்கின்றன. ஆந்தைக்கு இந்தப் பை இல்லை. புறாவுக்கு அது இரட்டை அறையாகப் பெரிதாக இருக்கிறது. குஞ்சு பொரிந்த நாட்களில் ஆண், பெண் இரண்டின் தீனிப்பையிலும் உட்புற அணுக்கள் கொழுப்பும் புரதமுமாகத் தடித்து உதிர்கின்றன. முதல் சில நாட்களுக்குக் குஞ்சின் உணவு அதுதான். புறாப்பால் என்று அதைச் சொல்கிறார்கள். தாயும் தகப்பனும் சேர்ந்து பால் கொடுக்கும் உயிர் நம் வீட்டு மாடத்திலேயே இருக்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

தீனிப்பையைத் தாண்டினால் வயிறு. பறவைக்கு அது இரண்டு அறைகள். முன்னால் இருப்பது சுரப்பி வயிறு, பின்னால் இருப்பது அரைவைப்பை. நாம் முதலில் மெல்லுகிறோம், பிறகு அமிலத்தில் போடுகிறோம். பறவை முதலில் அமிலத்தில் நனைக்கிறது, பிறகு அரைக்கிறது. ஊறவைக்காத அரிசியை ஆட்டுக்கல்லில் போட்டவர்களுக்கு இந்த வரிசையின் அருமை புரியும். சுரப்பி வயிற்றின் சுவரில் சிறு சிறு காம்புகள் போலத் துருத்தி நிற்கும் சுரப்பிகள் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் புரதத்தை அறுக்கும் பெப்சினையும் ஊற்றுகின்றன. தீனி அங்கே நெடுநேரம் நிற்பதில்லை. அமிலத்தோடு கலந்து அரைவைப்பைக்குள் போகிறது. அங்கே அரைபட்டுக்கொண்டே அமிலத்தில் வேகிறது. போதவில்லை என்றால் மறுபடி முன்னறைக்குத் தள்ளப்பட்டு, இன்னும் அமிலம் வாங்கிக்கொண்டு திரும்புகிறது. அரைப்பதும் கரைப்பதும் தனித்தனிக் கட்டங்களாக இல்லாமல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நடக்கின்றன.

அரைவைப்பையை அறிந்துகொள்ள ஆய்வுக்கூடம் வேண்டாம். நாட்டுக்கோழி அறுக்கும் இடத்தில், ஈரலோடு வரும் கைக்கடங்கிய உருண்டையை வாங்கிப் பிளந்து பார்க்கலாம். வெளியே கருஞ்சிவப்புத் தசை. இரண்டு பக்கமும் வெள்ளியாய் மின்னும் நாண் தகடு. கத்தி இறங்கும்போதே அதன் கட்டித்தன்மை கைக்குத் தெரியும். கோழியின் உடலில் வேறெங்கும் இவ்வளவு இறுகிய சதை கிடையாது. உள்ளே பாதி நசுங்கிய சோளம், கேழ்வரகு, புல் நறுக்கு, வண்டின் ஓட்டுத்துண்டு, மணல், முனை மழுங்கி வழவழத்த சிறு கற்கள். அவற்றைக் கழுவிவிட்டால் மஞ்சள் நிறத்தில் சுருக்கம் சுருக்கமாக ஒரு தோல் தெரியும். சமைப்பவர்கள் அதை உரித்து எறிந்துவிடுவார்கள். தோல் என்று பேச்சுக்குச் சொன்னாலும், உண்மையில் அது தோல் அல்ல. அடியிலுள்ள சுரப்பிகள் கசியவிடும் புரதம் நிறைந்த நீர், அமிலம் பட்டு உறைந்து கெட்டியான படலம் அது. உள்ளே தேயத் தேய அடியிலிருந்து புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும். நம் பல் ஒருமுறை தேய்ந்தால் தேய்ந்ததுதான். இதற்கு அந்தக் கவலை இல்லை.

அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது? பித்தநீரின் நிறம் அது. பித்தநீர் ஊற்றப்படுவது அரைவைப்பைக்குக் கீழே, சிறுகுடலில். கீழே ஊற்றப்பட்டதன் சாயம் மேலே ஏறியிருக்கிறது என்றால், குடலுக்குப் போன கூழும் அவ்வப்போது அரைவைப்பைக்குத் திரும்பி வருகிறது என்று பொருள். பறவையின் குடல் ஒருவழிப் பாதை அல்ல என்பதை இந்த ஒரு நிறமே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிராய்லர் கோழியின் அரைவைப்பை பொதுவாக இதைவிடச் சிறியது. ஆலையிலேயே தீவனத்தை அரைத்துக் கொடுத்துவிட்டால் அதற்கு வேலை குறைவு. முழுத் தானியமும் உமி, நார் கலந்த தீனியும் கொடுத்தால் அதே கோழிக்கு அரைவைப்பை பெருக்கிறது. வேலைக்கு ஏற்ப வளரும் இந்தத் தன்மைக்குப் பின்னால் வருகிறேன்.

இவ்வளவும் எளிதில் தெரிந்துவிடவில்லை. செரிமானம் என்பது அரைப்பதா, கரைப்பதா என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலம் இரண்டு கட்சியாக நின்று வாதாடினார்கள். இரண்டு கட்சிக்கும் சான்று கொடுத்தவை பறவைகளே. பிளாரன்ஸ் நகரின் அக்காதேமியா தெல் சிமெந்தோ என்ற ஆய்வுக் கழகத்தார் 17-ஆம் நூற்றாண்டிலேயே கோழிகளுக்கும் வாத்துகளுக்கும் கண்ணாடிக் குமிழ்களை விழுங்கக் கொடுத்து, அவை வயிற்றில் தூளாகிப் போவதைக் கண்டார்கள். அரைப்பதுதான் செரிமானம் என்றவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் 1752-இல் வெளியிட்ட சோதனைகள் விஷயத்தைத் தெளிவாக்கின. செரிக்காததைக் கக்கிவிடும் பழக்கம் பருந்து வகைப் பறவைகளுக்கு உண்டு. அவர் ஒரு சிறு உலோகக் குழாயில் இறைச்சியை அடைத்து, முனைகளில் சாறு மட்டும் நுழையும்படி தடுப்பு வைத்து, தாம் வளர்த்த அப்படியொரு பறவைக்கு விழுங்கக் கொடுத்தார். பறவை குழாயைக் கக்கியது. குழாய் நசுங்கவில்லை, உள்ளிருந்த இறைச்சியை எதுவும் தேய்த்திருக்க வழியில்லை. ஆனாலும் அது கரைந்து குழைந்திருந்தது. அடுத்தபடியாகக் குழாய்க்குள் பஞ்சுறிஞ்சி வைத்துக் கொடுத்து வயிற்றுச் சாற்றையே வெளியே எடுத்தார். அதே வகைக் குழாயைத் தானியம் தின்னும் வான்கோழிக்குக் கொடுத்தபோது குழாய் தட்டையாகிப் போயிற்று. ஊனுண்ணியில் கரைப்பு முன்னால் நிற்கிறது. தானியம் தின்பதில் அரைப்பு முன்னால் நிற்கிறது. வாதத்தில் இரு கட்சிக்காரர்களும் வேறு வேறு பறவையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவருக்குப் பின் இத்தாலியின் ஸ்பல்லன்சானி இன்னும் தூரம் போனார். ஊசிகள் பதித்த ஈயக்குண்டை வான்கோழிக்குக் கொடுத்துப் பார்த்தார். ஊசிமுனைகள் முறிந்தன, அரைவைப்பையில் காயமில்லை. பறவையைத் துன்புறுத்தும் இப்படிப்பட்ட சோதனையை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அவர் எழுப்பிய இன்னொரு கேள்வி நமக்கு மிக வேண்டியது: கல் இல்லாவிட்டால் அரைபடாதா? கல் கிடைக்காமல் வளர்த்த புறாக் குஞ்சுகளின் அரைவைப்பையும் வலுவாகவே அரைத்ததை அவர் கண்டார். அதிலிருந்து, கல் தேவையே இல்லை என்ற பக்கம் சாய்ந்தார்.

அது சற்று அதிகப்படி. இன்று கோழிப் பண்ணை அனுபவம் சொல்வது நடுவில் நிற்கிறது. அரைத்த தீவனம் தின்னும் கோழி கல் இல்லாமல் நன்றாகவே வாழும். முழுத் தானியமும் முரட்டுத் தழையும் தின்னும் கோழிக்குக் கல் இருந்தால் தீனி நன்றாக நொறுங்கி, அதன் சத்து கூடுதலாகக் கிடைக்கும். கல்லும் நிரந்தரமல்ல, தேய்ந்து சிறுத்துக் குடல் வழியே வெளியேறிவிடும். அதனால்தான் பறவை ஓயாமல் புதிது தேடுகிறது. நெருப்புக்கோழியின் வயிற்றில் உள்ள கற்கள் அதன் எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அதாவது ஒரு கிலோ வரை கல்லைச் சுமந்துகொண்டு அது ஓடுகிறது.

வீட்டில் கோழி வளர்ப்பவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வருவதுண்டு. கிளிஞ்சல் தூள், சுண்ணாம்புக்கல் துண்டு ஆகியவற்றைக் கொடுத்துவிட்டு, கல் தேவை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அவை அமிலத்தில் கரைந்துபோகும். முட்டை ஓட்டுக்கான சுண்ணாம்புச் சத்து அதில் கிடைக்கும், அது மிக அவசியம். ஆனால் அரைக்க உதவாது. அரைக்க உதவுவது கருங்கல் பொடி, ஆற்றுப் பருமணல் போன்ற கரையாத கல். திறந்த வெளியில் மேயும் கோழி இரண்டையும் தானே தேடிக்கொள்ளும். மண்ணைப் பார்க்காமல் கூண்டிலேயே இருக்கும் கோழிக்கு முழுத் தானியம் கொடுப்பதானால், இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் கோழியின் கதை. தின்பது மாறினால் வயிறும் மாறும். தேன்சிட்டின் அரைவைப்பை சின்னது. தேனை அரைக்க என்ன இருக்கிறது? ஆந்தையின் அரைவைப்பை அரைப்பதைவிடச் சலிக்கும் வேலையைத்தான் செய்கிறது. எலியின் சதை கரைந்து கீழே போக, மயிரையும் எலும்பையும் பிடித்து வைத்து உருண்டையாக்குகிறது. ஆந்தை அதைக் கக்கிவிடும். கோட்டான் தங்கும் பழைய கட்டடத்தின் அடியில் அந்த உருண்டைகள் கிடக்கும். ஒன்றைத் தண்ணீரில் நனைத்துப் பிரித்தால் எலியின் மண்டையோடு பல்லோடு முழுசாகக் கிடைக்கும். ஆந்தை எலிகளைத் தின்று குறைக்கிறது என்பதற்கு உழவர்கள் கையில் கிடைக்கும் சான்று அது. தென் அமெரிக்காவின் ஹோவாட்சின் இலை தின்னும் பறவை. பசுவைப்போல் நுண்ணுயிர்களை வைத்துப் புளிக்கவைத்து இலையைச் செரிக்கிறது. அந்த வேலையை அது தீனிப்பையில் வைத்துக்கொண்டிருக்கிறது. பை பெருத்து மார்பெலும்பின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் அதனால் சரியாகப் பறக்க முடிவதில்லை.

எனக்கு இவற்றில் மிகவும் பிடித்தது பூங்கொத்தி. சிட்டுக்குருவியைவிடச் சின்னது, நம் ஊர் மாந்தோப்புகளில் 'சிக் சிக்' என்று ஓயாமல் கத்திக்கொண்டிருக்கும். அதற்கு உயிர் புல்லுருவிப் பழம். பழத்தை முழுதாக விழுங்கும். விதையின் மேல் பிசின் போன்ற பசை. அந்த விதை அரைவைப்பைக்குள் போனால் நசுங்கிவிடும். புல்லுருவிக்கும் நட்டம், விதைக்காகத் தசையை உழைக்கவைத்த பறவைக்கும் நட்டம். பூங்கொத்திக் குடும்பத்தில் அரைவைப்பை பாதையின் நடுவே இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கித் தொங்குகிறது. சிலந்தியும் பூச்சியும் வந்தால் அதற்குள் போகும். பழம் வந்தால் அதைத் தொடாமல் நேரே குடலுக்கு ஓடிவிடும். கொஞ்ச நேரத்தில் விதை பசையோடு வெளியே வந்து கிளையில் ஒட்டிக்கொள்ளும். பறவையியலாளர் சாலிம் அலி 1931-இலேயே கொங்கணத்தில் இந்தப் பறவைகளும் தேன்சிட்டுகளும் புல்லுருவியைப் பரப்பும் விதத்தை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தோப்புக்காரர்களுக்குப் புல்லுருவி தொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் எதை அரைப்பது, எதை விடுவது என்று வயிற்றுக்குள்ளேயே பிரித்தறியும் ஏற்பாட்டை இவ்வளவு சிறிய உடலில் பார்க்கும்போது வியக்காமல் இருக்க முடியவில்லை.

பாறு இதற்கு எதிர்க்கோடி. அதன் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் தின்றும் அது தப்பிவிடும். இதைக் கேட்ட பலர், எந்த நஞ்சும் அதை ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிட்டார்கள். அமிலம் கொல்வது உயிருள்ள கிருமியை. மருந்து கிருமி அல்ல. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் சதையில் தங்கி, பாறின் குடலில் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகத்தைக் கெடுத்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து 2007-க்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்கு 99-க்கும் மேல் அழிந்தன. 2004-இல் காரணம் கண்டறியப்பட்டது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தருவதை இந்திய அரசு தடைசெய்தது. தமிழ்நாட்டில் இன்று பாறுகளுக்கு எஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடம் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கு.

பல் ஏன் போயிற்று என்ற கேள்விக்கும் ஒரு தயார் விடை உலவுகிறது: பறப்பதற்கு எடை குறைய வேண்டும், அதனால் பல் போயிற்று. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வௌவால் பல்லோடுதான் பறக்கிறது. சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆர்க்கியாப்டெரிக்ஸுக்குப் பல் இருந்தது. பின்னால் வந்த இக்தியோர்னிஸ் பல்லை வைத்துக்கொண்டு நன்றாகப் பறந்தது. பறக்கவே பறக்காத ஆமைக்குப் பல் இல்லை. 48 பறவையினங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வெளிவந்தது. பல்லின் எனாமலையும் உள்திசுவையும் உண்டாக்கும் மரபணுக்கள் எல்லாப் பறவைகளிலும் பழுதுபட்டே கிடக்கின்றன. இன்றைய பறவைகள் அனைத்துக்கும் பொதுவான மூதாதையிலேயே, ஏறத்தாழ 11.6 கோடி ஆண்டுகளுக்கு முன், எனாமல் போய்விட்டது என்று அது கணித்தது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2018-இல் வேறொரு கருத்தை முன்வைத்தார்கள்: பல் உருவாக முட்டைக்குள் நெடுநாள் பிடிக்கும், பல்லை விட்டுவிட்டால் குஞ்சு சீக்கிரம் பொரியலாம். இது கருதுகோள்தான், முடிவு அல்ல. எடைக் காரணத்தையும் முழுதாகத் தள்ள வேண்டியதில்லை. பாரமான அரைவை வேலை தலையிலிருந்து உடலின் நடுப்பகுதிக்கு இறங்கியது பறக்கும் உயிருக்குச் சாதகம்தான். ஆனால் ஒரே காரணத்தில் கதையை முடிப்பது சரியல்ல.

எடை விஷயத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அரைவைப்பையும் சுமைதான். பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துக்குப் பசிபிக் கடல்மேல் 11,000 கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறக்கிறது. வழியில் இரை கிடையாது. கிளம்பும் முன் அதன் அரைவைப்பையும் குடலும் ஈரலும் சுருங்கிவிடுகின்றன. அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. போய்ச் சேர்ந்து மறுபடி தின்னத் தொடங்கியதும் அவை பழையபடி வளர்கின்றன. இதன் உறவான நாட் என்ற உள்ளான் வகை சிப்பியை ஓட்டோடு விழுங்கி அரைவைப்பையிலேயே நொறுக்கும். அதை வளர்த்து ஆராய்ந்த நெதர்லாந்து ஆய்வாளர்கள், மென்மையான தீனி கொடுத்தபோது அரைவைப்பை சிறுத்ததையும், ஓட்டுச் சிப்பி கொடுத்ததும் சில வாரங்களில் பெருத்ததையும் அளந்து காட்டினார்கள். எந்தப் பல்லாலும் இப்படிக் கூடிக் குறைய முடியாது.

இந்த ஏற்பாட்டில் பறவைக்கு ஒரு பலவீனம் உண்டு. நாம் மெல்லும்போது பல்லில் கல் பட்டால் துப்பிவிடுகிறோம். கல்லையே தேடி விழுங்கும் பறவைக்கு, விழுங்கியது எது என்று சோதிக்க வாயில் வழியில்லை. இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில் 1960-களிலிருந்து அன்னங்கள் குறைந்துகொண்டே வந்தன. மீன்பிடிப்பவர்கள் தூண்டிலில் கட்டும் சிறு ஈயக்குண்டுகள் அறுந்து ஆற்றடியில் கிடந்தன. அன்னங்கள் அவற்றைக் கூழாங்கல்லோடு கல்லாக எடுத்து விழுங்கின. அரைவைப்பை ஈயத்தைத் தேய்த்தது. அமிலம் அதைக் கரைத்தது. கரைந்த ஈயம் இரத்தத்தில் ஏறியது. நரம்பு கெட்டதும் முதலில் ஓய்ந்தவற்றில் ஒன்று அரைவைப்பையின் தசையே. தீனி மேலேயே தேங்கி நிற்க, வயிறு நிறைந்த நிலையில் அன்னம் பட்டினியால் செத்தது. பிரிட்டனில் 1987-இல் அந்த அளவு ஈயக்குண்டுகளின் விற்பனைக்குத் தடை வந்தது. அன்னங்களின் எண்ணிக்கையும் அதன் பின் ஏறத் தொடங்கியது. அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னங்கள் 1991-இல் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டு, அவற்றின் இடத்தில் எஃகுச் சன்னங்கள் வந்தன. எஃகையும் வாத்து விழுங்கத்தான் செய்கிறது. அது தேய்ந்து கரைந்தாலும் ஈயத்தைப்போல் கொல்வதில்லை.